கள்ளன் யார்? – ஒளிந்திருப்போனைத் தேடும் ஆட்டத்தின் வரலாறு

இலங்கையின் வடமேற்குக் கரையிலே, தெதுரு ஓயா கடலோடு கலக்கும் முகத்துக்கு அணித்தாக அமைந்துள்ள பட்டினம் சிலாபம். 'சலாபம்' என்னும் சொல்லுக்கு முத்துக்குளிப்பு என்று தமிழகராதிகள் பொருள் கூறும். அச்சொல்லே திரிந்து ஊர்ப் பெயராயிற்று என்பர். பட்டினத்துக்கு எதிரேயுள்ள கடலடியிலும், வடக்கே மன்னார்க் குடாவிலும், முத்துச் சிப்பி விளையும் பார்கள் உண்டு. 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபன் பதூதா, புத்தளம் எனக் கருதப்படும் ஊரிலே ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டார். சலாபத்திலிருந்து கொணர்ந்த முத்துக்களை அம்மன்னனின் அலுவலர் தரம் பிரித்துக்கொண்டிருந்த காட்சியை அவர் தமது பயண நூலிற் குறித்துள்ளார்.

முத்துக் குவியும் இடத்திலே முத்துக் கள்வரும் கூடுவது இயல்பே. ஆங்கிலப் படை அதிகாரியாயிருந்த றொபேட் பேர்சிவல் 1803 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலே, கொண்டச்சிக் குடாவின் முத்துக்குளிப்பை விவரிக்குமிடத்து, அக்கள்வர் கையாண்ட சூழ்ச்சியொன்றைச் சொல்கிறார். சிப்பிகளைத் திறந்து முத்தெடுக்கும் கூலியாட்களைக் கண்காணிகள் இமைகொட்டாது காவல் செய்வர். முத்தை விழுங்கினான் என்னும் ஐயம் எவன்மீதேனும் எழுந்தால், அவனுக்கு வாந்தி மருந்தும் பேதி மருந்தும் கொடுப்பர். இக்காவலை வெல்லும் பொருட்டுக் கூலியாட்களிற் சிலர் தமக்குள் ஒருவனைக் 'கள்ளன்' வேடத்துக்குத் தெரிந்து வைத்திருந்தனர். பெருமுத்து ஒன்று எவன் கையில் அகப்பட்டாலும், அவன் அந்த வேடக்காரனுக்குச் சைகை காட்டுவான். உடனே வேடக்காரன் அற்ப விலையுடைய சிறு முத்தொன்றை எல்லார் கண்ணிலும் படும்படி ஒளிப்பான். கண்காணி பாய்ந்து பிடிப்பான், மற்றையோரும் சேர்ந்து கூச்சலிடுவர், அடி விழும், அலறல் எழும். அந்த ஆரவாரத்திலே உண்மைக் கள்வன் பெருமுத்தோடு தப்பிவிடுவான். அடிபட்டவனுக்குப் பின்னர் பங்கு உண்டு.

இருநூறு ஆண்டுக்கு முற்பட்ட இச்செய்தியை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இன்று உலகெங்கும் இளைஞர் கைபேசியிலும் கணினியிலும் ஆடிவரும் ஒருவகை ஆட்டத்தின் உயிர்நாடி முழுவதும் அக்கண்காணியின் ஏமாற்றத்தினுள்ளே அடங்கியிருக்கிறது. கூடியிருப்போருள் ஒரு சிலர் இரகசியமாகப் பகைவராக நியமிக்கப்படுவர். அவர்கள் ஒருவரையொருவர் அறிவர். ஏனையோர் எவரையும் அறியார். அறிந்த சிறுபான்மைக்கும் அறியாத பெரும்பான்மைக்கும் இடையில் நிகழும் சொற்போரே ஆட்டமாகும். பேசியும் வினாவியும் வாக்களித்தும் மறைந்திருப்போரைக் கண்டு நீக்குதல் பெரும்பான்மையோர் கடமை. கண்டுபிடிக்கப்படாமல் அவர்களை ஒவ்வொருவராகக் குறைத்து வருதல் சிறுபான்மையோர் தொழில்.

இத்தகைய தேட்டம் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. சிலாபத்துக்கு வடக்கேயுள்ள உடப்பு என்னும் கடலோரக் கிராமத்திலே திரௌபதை அம்மன் கோயில் ஒன்று உண்டு. அங்கு ஆடி மாதத்திலே தீமிதி விழா பெருஞ்சிறப்பாக நடைபெறும். திரௌபதையின் கதையிலே விராட பருவம் எனப்படும் பகுதி ஒளிந்திருப்போரைத் தேடும் கதையே. பதின்மூன்றாம் ஆண்டிலே பாண்டவர் எவருமறியாது வாழவேண்டும். கண்டுபிடிக்கப்பட்டால் மீண்டும் பன்னீராண்டு வனவாசம். தருமன் சூதறிந்த அந்தணனாகவும், வீமன் சமையற்காரனாகவும், அருச்சுனன் பேடியாகவும் விராடனின் ஊரிலே வேடம் பூண்டனர். துரியோதனனின் ஒற்றர் நாடெங்கும் முகங்களைத் தேடி வெறுங்கையராய்த் திரும்பினர். முகத்தைத் தேடாதே, விளைவைத் தேடு என்னும் கருத்துப்பட வழிகாட்டியவர் வீட்டுமர்: தருமன் வாழும் நாட்டிலே மழை பொய்யாது, வளம் குன்றாது என்றார் அவர். கீசகன் என்னும் பெருவீரன் ஓரிரவிலே மர்மமாக மாண்ட செய்தியும் வந்தெய்தியது. அவனை வெறுங்கையாற் கொல்லவல்லவர் உலகில் எத்தனை பேர் என்று எண்ணி, வீமன் இருக்குமிடத்தை ஊகித்தனர் என்பது நாடறிந்த கதை மரபு. வேடம் முகத்தை மறைக்கும். செயலின் சுவட்டை மறைக்காது. ஆட்டத்தின் முதல் விதி இக்கதையிலே கிடைக்கின்றது.

வீட்டுத் திண்ணையிலே இவ்வாட்டம் இன்னும் எளிய உருவில் வழங்கி வந்தது. அரசன், மந்திரி, பொலிஸ், கள்ளன் என நான்கு துண்டுக் கடதாசியில் எழுதி, மடித்து, குலுக்கிப் போடுவர். ஆளுக்கொரு துண்டெடுத்தபின் பொலிஸ் தன்னை வெளிப்படுத்துவான். கள்ளன் யாரென்று அவன் சரியாகச் சொன்னால் புள்ளி அவனுக்கு. தவறினால் அப்புள்ளி கள்ளனுக்கு. ஊருக்கு ஊர் பாத்திரங்களும் புள்ளிகளும் வேறுபடும். எனினும் நியாயம் ஒன்றே. தவறான குற்றச்சாட்டுக்கு விலை உண்டு, அவ்விலை கள்ளனுக்கே இலாபமாகும் என்னும் உண்மையைச் சிறுபிள்ளைகளுக்கு உணர்த்த இதனினும் இலகுவான வழி வேறில்லை.

இந்நாளைய உருவத்தை இவ்வாட்டத்துக்கு அளித்தவர் உருசிய நாட்டவரான டிமித்ரி டேவிடோவ். 1986-87 ஆம் ஆண்டளவில் மொஸ்கோ அரசாங்கப் பல்கலைக்கழகத்து உளவியற் பகுதியிலே அவர் இதனை வகுத்தார். 'மாபியா' என்பது அவர் இட்ட பெயர். ஆட்டத்தில் இரவும் பகலும் மாறி மாறி வரும். இரவில் எல்லாரும் கண்மூடியிருக்க, மாபியாக்கூட்டத்தார் மட்டும் கண்விழித்து ஊரார் ஒருவரைச் சைகையால் நீக்குவர். பகலில் எஞ்சியோர் அனைவரும் கூடி விவாதித்து, பெரும்பான்மை வாக்கினால் ஒருவரை நீக்குவர். பகற்கூட்டத்திலே மாபியாக்காரரும் நல்லார்போலவே அமர்ந்து வாக்களிப்பர் என்பதே இதன் நுட்பம். மாணவர் விடுதிகளிலிருந்து இவ்வாட்டம் நாடு நாடாகப் பரவிற்று. 1997 இலே அமெரிக்கரான அண்ட்ரூ புளொட்கின் மாபியாவை ஓநாய் மனிதராக மாற்றினார். பகலில் அயலவனாகவும் இரவில் விலங்காகவும் திரியும் ஓநாய் மனிதன், மறைந்திருக்கும் பகைவனுக்கு இன்னும் பொருத்தமான உருவம் என்பது அவர் கருத்து.

பின்னர் இவ்வாட்டம் இணையத்திலே குடியேறியது. எழுத்தாலே விவாதித்து, நாட்கணக்காக ஆடும் முறை முதலில் தோன்றிற்று. 2018 இலே அமெரிக்காவிலுள்ள 'இன்னர்ஸ்லொத்' என்னும் சிறு நிறுவனம் 'அமங் அஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. விண்கலமொன்றிலே பணியாளர் தத்தம் வேலைகளைச் செய்துகொண்டிருக்க, அவர்களைப்போலவே உடையணிந்த வஞ்சகர் அவர்களை ஒவ்வொருவராகக் கொல்வர். பிணம் காணப்பட்டால் கூட்டம் கூடும். விவாதமும் வாக்கெடுப்பும் நிகழும். எவரையும் நீக்காமலே கூட்டத்தைக் கலைப்பதற்கும் வாக்களிக்கலாம். தொடக்கத்தில் பத்துப் பேர்வரை ஆடிய இதனை 2021 முதல் பதினைந்து பேர்வரை ஆட இயன்றது.

வெளியான காலத்திலே பெரிதும் கவனிக்கப்படாத இவ்வாட்டம், 2020 இலே கொரோனா நோய் உலகத்தாரை வீட்டினுள் அடைத்த காலத்திலேதான் பெரும்புகழ் பெற்றது. இலங்கையிலே அந்நோயின் பொருட்டு முதன்முதல் ஊரடங்கு விதிக்கப்பட்ட இடங்களில் சிலாபமும் ஒன்று. 2020 மார்ச் 18 அன்று புத்தளம், சிலாபம் பகுதிகளிலும் கொச்சிக்கடையிலும் ஊரடங்கு பிறந்தது. நாடு முழுவதற்கும் அது மார்ச் 20 அன்று விரிந்தது. திண்ணையிலே துண்டெடுத்து ஆடும் நால்வர் ஒருங்கு கூடவியலாத அக்காலத்திலே, கைபேசியே உலகத்து இளைஞருக்குத் திண்ணையாயிற்று.

இனி, இவ்வாட்டத்தில் வெல்லும் வழிகள் யாவை என்பது ஆராயத்தக்கது. ஊரார் பக்கத்தில் நிற்பவன் முதலில் விடவேண்டியது முகம் பார்த்து உண்மையறியலாம் என்னும் தற்பெருமை. பொய்யை இனங்காணும் மனித ஆற்றல் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து, பொண்ட், டிப்போலோ என்னும் உளவியலறிஞர் இருவர் 2006 இலே வெளியிட்ட முடிவின்படி, சராசரி மனிதன் பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்தறிவது நூற்றுக்கு 54 தடவை மாத்திரமே. நாணயத்தைச் சுண்டி விழுந்தபடி சொல்வதிலும் இது சற்றே மேல். தடுமாறிப் பேசுபவன் கள்ளன் என்று முடிவு கட்டுபவன், பல வேளைகளிலே அஞ்சிய நல்லவனையே வெளியேற்றுவான். இணையத்திலோ முகமும் தெரிவதில்லை. எழுத்தும் குரலுமே மிஞ்சுகின்றன.

ஆதலின் இரண்டாவது வழி, சுவட்டைத் தேடுவதாகும். யார் எவ்விடத்தில் இருந்ததாகச் சொன்னார், அதனை வேறு எவர் கண்டார், முதலிற் சொன்னதும் பின்னர் சொன்னதும் ஒத்துள்ளனவா என்று குறித்துவைத்தல் வேண்டும். இவை அனைத்தினும் மேலானது வாக்குப் பதிவேடு. சொல்லைப் புனைதல் எளிது. அளித்த வாக்கை மீட்க இயலாது. ஒருவன் நீக்கப்பட்டு அவன் கள்ளன் என்று வெளிப்பட்ட பின்னர், முன்னைய கூட்டங்களில் அவனைக் காக்க வாக்களித்தோர் யாவர், அவனுக்கு எதிரான பேச்சை வேறு பக்கம் திருப்பியோர் யாவர் என்று பின்னோக்கிப் பார்ப்பவனே தேர்ந்த ஆட்டக்காரன். நல்லவன் ஒருவன் தவறாக நீக்கப்பட்ட பின்னரும் அவ்வாறே: அந்தக் குற்றச்சாட்டை முதலிற் கிளப்பியவன் யார், கடைசி நேரத்திலே சேர்ந்து தள்ளியவன் யார் என்ற வினாக்கள் பயன் தரும்.

மூன்றாவது, ஆரவாரத்தை ஐயுறுதல். பேர்சிவல் குறித்த சூழ்ச்சி இணைய ஆட்டத்திலும் அப்படியே நிகழ்கின்றது. வஞ்சகர் இருவருள் ஒருவன் அகப்படும் நிலையிலிருந்தால், மற்றவன் எல்லாருக்கும் முன்னதாக எழுந்து அவனைக் குற்றஞ்சாட்டுவான். துணைவன் நீங்குவான், காட்டிக்கொடுத்தவனுக்கு ஊராரின் நம்பிக்கை கிடைக்கும், அந்த நம்பிக்கையைக் கொண்டு இறுதிவரை தப்புவான். கொண்டச்சிக் கண்காணியின் கையில் அகப்பட்டது சிறு முத்து. கைதப்பிப் போனது பெருமுத்து. ஆகவே கள்ளன் ஒருவன் பிடிபட்ட மகிழ்ச்சியிலே, பிடித்தவனைச் சோதியாது விடுதல் பிழை.

மறைந்திருப்பவன் பக்கத்து வெற்றி வழிகளும் இவற்றின் மறுபுறமே. அவன் பெரும்பாலும் உண்மையே பேசவேண்டும். பொய் ஒன்றே ஒன்றாக, இன்றியமையாத இடத்தில் மட்டும் அமைய வேண்டும். வழக்கத்தைவிட மிகுதியாகப் பேசுதலும், வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசுதலும் அவனைக் காட்டிக்கொடுக்கும். அவன் தானே குற்றச்சாட்டைப் பிறப்பிப்பதிலும், நல்லார் இருவருக்கிடையே பிறந்த ஐயத்துக்கு மெல்ல நீர் வார்த்தல் அவனுக்குப் பாதுகாப்பானது. ஊரார் தமக்குள் பிளவுண்டு ஒருவரையொருவர் நீக்கும்பொழுது அவன் கைகட்டி நின்றாலே போதும்.

நான்காவது வழி எண்ணிலிருந்து பிறக்கின்றது. பலர் அறியாததும் இதுவே. மொஸ்கோ முறையில் ஆடும் கூட்டத்தில் மூவர் எஞ்சியுள்ளனர், அவருள் ஒருவன் கள்ளன் என்று கொள்வோம். சான்று எதுவுமில்லாது குருட்டுத்தனமாக ஒருவரை நீக்கினால் ஊரார் வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. நால்வர் எஞ்சியிருந்தால் என்ன? நால்வருள் ஒருவரை நீக்கினால் கள்ளன் அகப்படும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தவறினால் மூவர் எஞ்சுவர். அன்றிரவு கள்ளன் ஒருவனைக் கொல்வான். இருவராகிவிட்டபின் ஊரார் தோற்றனர். ஆனால் நால்வராய் இருக்கும்பொழுது எவரையும் நீக்காது கூட்டத்தைக் கலைத்தால், இரவு கழிந்து மறுநாள் மூவர் எஞ்சுவர். வெற்றி வாய்ப்பு மூன்றில் ஒன்றாக உயர்ந்துவிடும். ஐவராயிருந்தால் வாய்ப்பு பதினைந்தில் ஏழு. அறுவராயின் எட்டில் மூன்றாகக் குறைகின்றது. ஆகவே கையிற் சான்றில்லாத நிலையில், எஞ்சியோர் தொகை இரட்டைப்பட இருக்கும்போது தீர்ப்பை ஒத்திவைத்தலே கணக்கறிந்தோர் வழி. ஆளை நீக்குவதொன்றே செயல், பொறுத்தல் செயலின்மை என்று கருதுவோர் இவ்விடத்திலேதான் தோற்கின்றனர்.

அறியாமை பெரும்பான்மையை எவ்வளவு பலவீனமாக்கும் என்பதனையும் கணித அறிஞர் காட்டியுள்ளனர். பிரேவர்மன், எட்டேசாமி, மொசெல் என்னும் மூவர் 2008 இலே வெளியிட்ட ஆய்வின்படி, துப்பறிவோர் எவருமில்லாத ஆட்டத்திலே, கள்வர் தொகை மொத்தத் தொகையின் வர்க்கமூலத்தின் அளவினதாய் இருந்தாலே இரு பக்கத்துக்கும் ஒப்பிடத்தக்க வெற்றி வாய்ப்பு உண்டாகும். பதினாயிரம் பேர் கூடிய சபையிலே நூறு என்னும் தரத்தையொத்த சிறு கூட்டம் ஏனையோரை எதிர்த்து நிற்கவல்லது என்பது இதன் பொருள். ஆனால் உண்மையை ஆராய்ந்தறியும் துப்பறிவோர் ஒரு சிலரேனும் இருந்தால் கள்வருக்கு அந்தச் சிறு தொகை போதாது. சபையில் ஒரு கணிசமான பங்கினராக அவர்கள் இருத்தல் வேண்டும். சோதித்தறிந்த உண்மை சிறிதாயினும் அதன் வலிமை பெரிது.

சிலாபத்து வரலாற்றிலே இவ்விரு பாடங்களுக்கும் சான்றுகள் உண்டு. கற்பிட்டியிலே 1807 இற் பிறந்து, 1834 இலே இலங்கை அகரவரிசை நூலையும் 1859 இலே 'தமிழ் புளூட்டாக்' என்னும் புலவர் சரிதத்தையும் ஆங்கிலத்தில் ஆக்கிய சைமன் காசிச்செட்டி, சிலாபத்து மாவட்ட நீதிபதியாய் விளங்கினார். கூறியவன் குரலின் உரத்தைக் கொண்டன்றி, சான்றின் தகுதியைக் கொண்டு தீர்ப்பளித்தலே நீதிமன்றத்தின் அடிப்படை. சான்றில்லாதார்க்கும் இப்பகுதியில் ஒரு புகலிடம் உண்டு. முன்னேசுவரத்துக் காளி கோயிலுக்குத் தமிழரும் சிங்களவரும் வந்து, தம் பொருளைக் கவர்ந்தவன் யாரென்று அறியாத நிலையிலே தண்டனையைத் தேவியின் பொறுப்பில் விட்டுச் செல்வர். மானிடவியலறிஞர் கணநாத் ஒபயசேகர 1975 இலே வெளியிட்ட ஆய்விலே, இத்தகைய கோயில்கள் மக்களின் சினத்துக்கு ஒரு வடிகாலாகின்றன என்று காட்டினார். அயலான்மேல் விழக்கூடிய கை, தேங்காயை உடைப்பதோடு ஓய்கின்றது.

ஆயினும் அந்தப் பொறுமை தவறிய நாளொன்றும் சிலாபத்துக்கு உண்டு. 2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறு நாளிலே, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களில் 250 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொலைஞர் நம்மிடையே மறைந்திருந்தனர் என்னும் அச்சம் நாடெங்கும் பரவிற்று. மூன்று வாரங்கள் சென்றபின், மே 12 அன்று, சிலாபத்து முஸ்லிம் வணிகர் ஒருவர் முகநூலிலே ஆங்கிலத்தில் எழுதிய சிறு வாக்கியமொன்று, வரப்போகும் தாக்குதலுக்கு எச்சரிக்கை என்று பிழையாகப் பொருள் கொள்ளப்பட்டது. அவ்வாக்கியத்தின் பொருளை அவரிடம் வினாவியறியக் கூட்டம் காத்திருக்கவில்லை. கடைகளின்மீதும் பள்ளிவாசல்களின்மீதும் கல் விழுந்தது. ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது, எழுதியவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் வன்செயல் வடமேல் மாகாணத்தின் பல ஊர்களுக்குப் பரவிற்று. புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையிலே மனிதர் ஒருவர் கொல்லப்பட்டார். அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாள் முடக்க நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியை ஆட்ட விதிகளோடு ஒப்புநோக்கினால் தோல்வியின் காரணம் வெளிப்படும். சுவட்டைத் தேடவேண்டிய இடத்திலே ஒரு சொல்லின் தோற்றம் போதுமானதாயிற்று. ஆரவாரத்தை ஐயுறவேண்டிய இடத்திலே ஆரவாரமே சான்றாயிற்று. பொறுத்திருக்கவேண்டிய வேளையிலே கல்லெறிதல் வாக்களிப்பாயிற்று. குண்டு வைத்தோரைக் கண்டறிவதற்கு அந்தக் கல்லெறி ஒரு சிறிதும் உதவவில்லை. குற்றமற்றார் கடையிழந்தனர், ஒருவர் உயிரிழந்தார். அடுத்தடுத்து வாழ்ந்த மக்களுக்கிடையே ஐயம் பெருகிற்று. நல்லார் ஒருவரையொருவர் நீக்கும்பொழுது கைகட்டி நிற்பவனே வெல்கிறான் என்னும் விதி, விளையாட்டுக்கு வெளியேயும் மாறாதது.

விளையாட்டுக்கும் வாழ்க்கைக்கும் இடையே வேறுபாடு ஒன்று உண்டு. திண்ணையிலே பிழையாகக் கள்ளனென்று சுட்டப்பட்ட சிறுவன் அடுத்த சுற்றிலே அரசனாவான். விண்கலத்திலிருந்து தள்ளப்பட்ட ஆட்டக்காரன் அடுத்த ஆட்டத்திலே மீள்வான். கொட்டாரமுல்லையில் மாண்டவருக்கு அடுத்த ஆட்டம் இல்லை. ஆகவே இவ்வாட்டத்தை வெறும் பொழுதுபோக்கென்று இகழாது, அதன் வெற்றி வழிகளை இளைஞர் நன்கு பயில்தல் நலம். முகத்தை நம்பாது சுவட்டைத் தேடவும், உரத்த குரலுக்கு அஞ்சாது அதனையே வினாவவும், சான்று கைவராத வேளையிலே 'இன்று எவரையும் நீக்கவேண்டாம்' என்று துணிந்து வாக்களிக்கவும் பழகியவன், ஆட்டத்திலே தேர்ந்த வீரன். ஊரிலே நல்ல அயலவன்.